கூடம் கோணல்

ஓக்லாந்தின் பாபடோயிட்டோயில் சாந்தகுமாரியைத் தெரியாத தமிழ்க் குடும்பம் குறைவு. மன்னார்ப் பெண், விமான நிலையச் சமையற்கூடத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை, மீன் குழம்பு வைத்தால் தெருவே மணக்கும், மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குப் பிந்தி வந்தாலும் முன் வாங்கில்தான் போய் இருப்பாள். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் கோல்ஃப் விளையாடுகிறாள் என்பது ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவர் அவளுடைய கணவர் இராசநாயகம்.

சனிக்கிழமைகளில் அவள் எங்கே என்று யாராவது கேட்டால், அவள் வாய் திறக்கும் முன்னே "ஓவர்டைம்" என்று விடுவார். மனுசனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. இந்த ஒரு பொய்யை மட்டும் நன்றாகப் பழகி வைத்திருந்தார்.

"கோல்ஃப் எண்டால் காசுக்காரற்றை விளையாட்டு. எங்கடை சனம் கேள்விப்பட்டால் என்ன கதைக்கும்?" என்பது அவருடைய கவலை.

இந்த நாட்டில் பஸ் ஓட்டுகிறவனும் கோல்ஃப் விளையாடுவான், கோழி வெட்டுகிறவளும் விளையாடுவாள். அது அவருக்கு விளங்கவில்லை. சாந்தகுமாரியை முதன்முதலில் மைதானத்துக்குக் கூட்டிப்போனவள் அவளோடு தட்டு அடுக்குகிற தொங்காத் தீவுக்காரி சேலா. பந்து பறந்த தூரத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பலத்தை இத்தனை வருஷம் எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று சேலா கேட்டாள். சாந்தகுமாரிக்கே அது தெரியாது. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு தன் கைக்கு இப்படி ஒரு வீச்சு இருக்கிறதென்று கண்டுபிடித்ததில் அவளுக்குப் பெரிய சந்தோஷம்.

வீச்சில் குறையில்லை. குறையெல்லாம் உருட்டலில். எவ்வளவு தூரம் அடித்தாலும், கடைசியில் ஒட்ட வெட்டிய புல்லின்மேல் பந்தை மெதுவாக உருட்டிக் குழிக்குள் விழுத்தினால்தான் கணக்கு. சமையற்கூடத்துக்கும் பயணப்பெட்டி ஏற்றி இறக்குகிறவர்களுக்கும் வருஷத்தில் இரண்டு போட்டி நடக்கும். குளிருக்கு முன்னால் ஒன்று, குளிர் முடிந்து ஒன்று. தொண்ணூற்றாறாம் ஆண்டு ஏப்ரலில் இரண்டு பக்கமும் சமமாக நின்றபோது, கடைசிக் குழியில் மிஞ்சியிருந்தது சாந்தகுமாரியின் பந்து. எட்டிக் கையால் போட்டுவிடலாம், அவ்வளவு கிட்ட. தட்டினாள். பந்து குழியின் விளிம்பை எட்டிப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் போய் நின்றது. கிண்ணம் பெட்டிக்காரர்களிடம் போயிற்று.

பிறகு அவளைக் கண்ட இடத்தில் எல்லாம் அவர்கள் கையால் உருட்டிக் காட்டிச் சிரித்தார்கள். கெட்ட மனம் இல்லாத சிரிப்புத்தான். ஆனாலும் பட்டவளுக்கல்லவா நோவு தெரியும்? செப்டெம்பரில் வேறு ஆளைப் போடுவோமா என்று சமையற்கூடத்திலேயே பேச்சு எழுந்தது. இவள்தான், அதுவும் கடைசி ஆளாக இவள்தான் என்று சேலா ஒற்றைக்காலில் நின்றாள். அதே குழி, அதே கண்கள், அங்கே பந்து விழ வேண்டும். அந்தக் குளிர்காலம் முழுக்கச் சாந்தகுமாரிக்கு வேறு வேண்டுதல் இருக்கவில்லை.

ஆனால் ஓக்லாந்துக் குளிர்காலம் ஆளை வெளியே விட்டால்தானே! இங்கே பனி கொட்டாது, மழை கொட்டும். ஜூன் பிறந்தால் மைதானம் நாற்று நடலாம் போலச் சேறாகிவிடும். வேலையால் வந்து தேநீர் குடித்து நிமிர்வதற்குள் இருட்டிவிடும். ஆகவே வாசலில் இருந்து குசினி வரை போகும் நடைதான் அவளுக்கு மைதானம். பலகை நிலம், அதன்மேல் ஏவன்டேல் சந்தையில் வாங்கிய நீளக் கம்பளம். கோலும் அதே சந்தையில் வாங்கிய பழசு. குழிக்குப் பதில், தேநீர் குடிக்கும் சில்வர் பேணி ஒன்றைப் படுக்க வைத்திருந்தாள். வீட்டில் இருந்த ஒரே ஹீற்றர் டிவிக்கு முன்னால் இராசநாயகத்தைச் சூடாக்கிக்கொண்டிருக்க, அவள் இரண்டு ஸ்வெற்றரும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு, விறைத்த கையால் உருட்டினாள்.

முதல் கிழமை ஒரு பந்தும் பேணிக்குள் போகவில்லை. எல்லாம் இடப்பக்கமாகவே இழுத்தன.

"இஞ்சாருங்கோ, இந்த நிலம் சரியில்லைப் போலை கிடக்கு," என்றாள்.

இராசநாயகம் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ஆட மாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் கோலைக் கீழே வைக்கவில்லை. விழாத பந்தை எடுத்து எடுத்து மறுபடி உருட்டினாள். ஜூலை முடிவதற்குள், வலப்பக்கச் சுவரில் இருக்கும் பிளக்கைப் பார்த்து உருட்டினால் பந்து தானாக வளைந்து வந்து பேணிக்குள் விழும் என்று கை பழகிவிட்டது. டங், டங் என்று சத்தம் கேட்கக் கேட்க இராசநாயகம் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அவளுக்கு அது கைதட்டல் மாதிரி இருந்தது.

ஓகஸ்டில் வீட்டுச் சொந்தக்காரர் ஓர் ஆளோடு வந்தார். இங்கத்தைப் பலகை வீடுகள் குட்டைத் தூண்களின்மேல் நிற்பவை. குசினிக் கதவு சாத்துப்படுவதில்லை என்று இராசநாயகம் அவரை நச்சரித்துக்கொண்டே இருந்ததற்கு அன்றைக்குத்தான் விடிவு. வந்த ஆள் வீட்டுக்கு அடியில் புகுந்து, ஜாக் வைத்து உயர்த்தி, கட்டை வைத்து இறுக்கினான். வீடு ஒரு பக்கம் நன்றாகச் சரிந்து கிடந்தது, இப்போது நேர் என்று சொல்லிவிட்டுப் போனான். கதவு அழகாகச் சாத்துப்பட்டது.

அன்று பின்னேரம் ஒரு பந்துகூடப் பேணிக்குள் போகவில்லை. எல்லாம் வலப்பக்கச் சுவரில்.

"நான் அப்பவே சொன்னனான்! நிலம் கோணல் எண்டு சொன்னனானோ இல்லையோ?"

வாதத்தில் வென்றவள் அவள்தான். ஆனால் வென்ற முகமாக அது இல்லை. குளிரில் நின்று அவள் பழகியது உருட்டலை அல்ல, இந்த வீட்டின் சரிவை. போட்டிக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது. நடையிலேயே குந்தியிருந்து அழுதாள். இராசநாயகம் பக்கத்தில் வந்து நின்றார். எல்லாவற்றுக்கும் ஒரு பழமொழி வைத்திருக்கும் மனுசன் அன்றைக்குக் குனிந்து, கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

மறுநாள் வேலையால் வந்து கோலை எடுத்தாள். பாதி வழியில் பந்து வளைந்து சுவரில் முட்டியது. கம்பளத்தைத் தடவிப் பார்த்தாள். அடியில் என்னவோ இருந்தது.

"தூக்கிப் பாராதையும்," என்று குரல் வந்தது. குசினி வாசலில் இராசநாயகம். "குந்தியிருந்து பாரும். எந்தப் பக்கம் சரிவு எண்டு சொல்லிப்போட்டு உருட்டும்."

அன்றைக்குத் துவாய். அடுத்த நாள் மடித்த அரிசிச் சாக்கு. அதற்கடுத்த நாள் கோயில் அறிவித்தல் தாள்களும் அவருடைய பழைய காற்சட்டையும். அவள் வருமுன் ஒவ்வொரு நாளும் புது மேடு, புதுச் சரிவு. பூமியைப் படைத்தவர்கூட இவ்வளவு குறும்பாகப் படைத்திருக்க மாட்டார். அவள் தன் முகத்தைப் பார்த்து விடை பிடிக்கிறாள் என்று கண்டதும், அண்ணாந்து முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹீற்றரும் நடைக்கு வந்துவிட்டது. டிவி ஆளில்லாத அறையில் தனியே கத்திக்கொண்டிருந்தது.

செப்டெம்பர்ப் போட்டியிலும் கடைசிக் குழிக்கு வரும்போது சமம். கதைக்காகச் சொல்லவில்லை, அப்படித்தான் வந்து நின்றது. சாந்தகுமாரியின் பந்து இந்தமுறை இன்னும் தூரத்தில் கிடந்தது. பெட்டிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

அவள் குந்தினாள். வேலியோரம், கோயிலுக்குப் போடும் கோட்டோடு, முதன்முதலாக விளையாட்டுப் பார்க்க வந்த இராசநாயகம் நின்றார். அவள் கண் தன் பக்கம் திரும்பியதும் மனுசன் சட்டென்று அண்ணாந்து ஆகாயத்தைப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு பயமும் போயிற்று.

'இதுக்குக் கீழை இந்த மனுசன் என்னத்தை வைச்சிருக்கிறார்?' என்று புல்லைப் பார்த்தாள். இடப்பக்கம் துவாய் கனத்தில் ஒரு மேடு. குழிக்குக் கிட்ட மெல்லிய இறக்கம். மேட்டின் பக்கமாகப் பார்த்துத் தட்டினாள். பந்து ஆறுதலாகப் போய், வளைந்து, விழுந்தது. பேணிச் சத்தம் கேட்கவில்லை; அதை முழுங்கிவிட்டது சமையற்கூடத்தின் கூச்சல். பெட்டிக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். சாந்தகுமாரிக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை. அதை அவள் ஒளிக்கவும் இல்லை.

மறுநாள் பூசை முடிந்து வெளியே வந்தபோது இவோன் அக்கா பிடித்துக்கொண்டார்.

"என்ன சாந்தா, நேற்றுக் கலியாண வீட்டுப் பக்கம் காணேல்லை? ஓவர்டைமோ?"

வழக்கம்போல இராசநாயகம் முந்திக்கொண்டார். ஆனால் வந்தது வழக்கமான பதில் இல்லை.

"இல்லையக்கா. கோல்ஃப் விளையாடினவ. கடைசிக் குழியிலை இவதான் வெண்டு குடுத்தவ." சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். "பழக்கினது ஆர் தெரியுமோ? வீட்டிலை நிலத்தைக் கோணலாக்கிக் குடுத்தது நான்தான்!"

இவோன் அக்கா ஒன்றும் விளங்காமல் அவளைப் பார்த்தார். சாந்தகுமாரி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"ஓமக்கா, கூடம் கோணல்தான்," என்றாள். "ஆனா ஆடினது நான்."