கணவர் பேரா, தகப்பனார் பேரா

வக்கீல் ஆபீஸ் படியிறங்கியதும் பஸ்ஸுக்குக்கூட நிற்க முடியவில்லை எனக்கு. நின்றால் அழுதுவிடுவேன் என்று பயம். வெயிலோடு வெயிலாக பழைய துறைமுகம் பக்கம் நடக்க ஆரம்பித்தேன்.

அவரும் நானும் கல்யாணம் செய்துகொள்ளாமல் பல வருஷம் ஒன்றாக இருந்தோம். என் வீட்டில் சர்ச், அவர் வீட்டில் கோவில், இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டார்கள். இப்போது நாங்களும் பிரிந்தாயிற்று. என் நகையை விற்று, என் ஷிப்பிங் ஆபீஸ் சம்பளத்தைக் காட்டி லோன் போட்டு முத்தையாபுரத்தில் கட்டிய வீட்டில் அவர் இருக்கிறார். நான் லேடீஸ் ஹாஸ்டலில் கிடக்கிறேன். அந்த வீட்டில் எனக்குப் பாதி வேண்டும்.

"பத்திரத்துல ஏன் உங்க பேர் இல்ல?" என்று வக்கீலம்மா கேட்டார்.

நம்ம ஊரில் தாலி கட்டாதவர்களுக்கு யார் வாடகைக்கு வீடு தருவார்கள்? புருஷன் பொண்டாட்டி என்று சொல்லித்தான் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சியின் மாடியில் குடியேறியிருந்தோம். மனை வாங்கியபோது சாட்சிக் கையெழுத்துக்கு அண்ணாச்சியையே கூட்டிப்போனோம். இரண்டு பேர் பெயரிலும் எழுதுவதாகத்தான் பேச்சு. பத்திரம் எழுதுகிறவர் நிமிர்ந்து, "உங்களுக்குக் கணவர் பேர் போடவா, தகப்பனார் பேர் போடவா? ஆதார் குடுங்க" என்றார். ஆதாரில் அப்பா பெயர். பக்கத்தில் அண்ணாச்சி நிற்கிறார். அப்பா பெயரைப் போட்டால் கல்யாணம் ஆகாதது அவருக்குத் தெரிந்துவிடும்.

"அவங்க பேர்லயே எழுதுங்க, போதும்" என்றேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நான் வீட்டை வைத்து மூடப் பார்த்தேன், மடச்சி. உன் பேரும் இருக்கட்டும் என்று அவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பேங்க் ரெக்கார்டு எடுத்து வைங்க, கேட்டுப் பார்ப்போம். நீங்க குடும்பமாத்தான் வாழ்ந்தீங்கன்னு வெளியாள் ஒருத்தர் சாட்சி சொன்னா பலம்" என்றிருந்தார் வக்கீலம்மா. எந்தப் பொய்யால் வீடு போனதோ, இப்போது அதே பொய்தான் வேண்டுமாம். கால்கள் தானாக அண்ணாச்சி கடைக்குப் போய்விட்டன.

"அண்ணாச்சி, எங்களப் புருஷன் பொண்டாட்டின்னு நம்பித்தான் வீடு குடுத்தேன்னு கோர்ட்டுல சொல்லணும்."

சீனி நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வாரேன். ஆனா எதுக்குப் பொய் சொல்லச் சொல்லுத?"

"பொய்யா?"

"ஏளா, நீங்க கல்யாணம் முடிக்கலன்னு குடிவந்த கொஞ்ச நாள்லயே எங்க வீட்ல சொல்லிட்டா. தெருவுக்கே தெரியும். நல்லாத்தான இருக்காக, நமக்கென்னன்னு விட்டுட்டோம்."

"அப்போ, பத்திர ஆபீஸ்ல..."

"உம் பேரு வேண்டாம்னு நீ சொன்னதும் எனக்குத் திக்குன்னு இருந்துச்சு. இந்தப் பிள்ள ஏன் இப்படிக் கெடுத்துக்கிடுதுன்னு நினைச்சேன். கேட்டா உனக்குச் சங்கடமா இருக்கும்லா, அதான் கேக்கல." சீனியைப் பொட்டலம் கட்டி வைத்தார். "உக்காரு. கலர் சோடா குடிக்கியா?"

உட்கார முடியவில்லை. யாருக்குத் தெரியக்கூடாது என்று என் வீட்டை விட்டேனோ, அவர் எல்லாம் தெரிந்துதான் என் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.