லேப்டாப்புக்குப் பூக் கேட்டோம்

போன வாரம் எங்கள் வீட்டு லேப்டாப்புக்காகக் குலதெய்வத்திடம் பூக் கேட்டோம்.

சிரித்துவிட்டீர்களா? சிரியுங்கள். நானும் இன்ஜினியரிங் படித்தவள்தான். பூசாரி முன்னால் கை கூப்பி நின்றபோது அது நன்றாகவே நினைவில் இருந்தது...

கயல் பிறந்த பிறகு மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டு, நான்கு மாதம் முன்புதான் மறுபடி வேலைக்குச் சேர்ந்தேன். மெடிக்கல் கோடிங். ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போட வேண்டும். நாமக்கல்லில் வீட்டில் இருந்தபடியே, என் சொந்த லேப்டாப்பில் செய்யலாம். அந்தச் சொந்த லேப்டாப்பில்தான் சிக்கல்.

கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. திங்கட்கிழமைக்குள் எல்லோரும் புதிய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாறிவிட வேண்டும். மாறாதவர்களுக்கு லாகின் கிடையாது. லாகின் இல்லையென்றால் வேலை இல்லை. அந்த மூன்று வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்ட ஒவ்வொரு இன்டர்வியூவிலும் அசடு வழிந்து, கடைசியில் கிடைத்த வேலை இது.

லேப்டாப்புக்கு வயது ஏழு. அப்கிரேட் ஆகுமா என்று சோதிக்கிற ஆப்பை ஓட்டினேன். ‘இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை’ என்றது. சார்ஜரை மாட்டிவிட்டு ஓட்டினேன். தகுதி இல்லை. ஸ்கிரீனைத் துடைத்துவிட்டு ஓட்டினேன். ஸ்கிரீனைத் துடைத்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள் — பதற்றம் வந்தால் எதையாவது துடைப்பது என் வழக்கம்.

பெங்களூரில் இருக்கும் தம்பியைக் கேட்டேன். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கு என்றான். கூட வேலை பார்க்கும் தோழியைக் கேட்டேன். சோதனையே இல்லாமல் ஏற்றிவிடக் குறுக்கு வழி இருக்கிறது, வீடியோ அனுப்பட்டுமா என்றாள். குறுக்கு வழியா? கம்பெனிக்குத் தெரிந்தால்? கயலின் போட்டோ எல்லாம் அழிந்துபோனால்?

என் கணவருக்கு டயர் ரீட்ரேடிங் தொழில். தேய்ந்துபோன லாரி டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டி ஓட வைப்பார்கள். பழசுக்கு உயிர் கொடுப்பவரைக் கேட்காமல் யாரைக் கேட்பது?

“ஏனுங்க மாமா, இது ஓடுங்களா, ஓடாதுங்களா?”

அவர் லேப்டாப்பை ஒரு டயரைப் பார்ப்பதுபோல் புரட்டிப் பார்த்தார். “மேல தேஞ்சிருந்தா ஒட்டிக்கலாம். உள்கூடு போயிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. உன்னுதுல எது போச்சுன்னு மொதல்ல பாரு.”

அதைத்தானே நான் கேட்டேன்!

புதிதாக வாங்கலாம் என்றால் அவர் மறுக்கப்போவதில்லை. ஆனால் கயலுக்கு லேசாகச் சளி பிடித்தாலே ‘இந்த வேலை நமக்குத் தேவையா’ என்று யோசிக்கிறவள் நான். புதுசு வாங்கிவிட்டால் அப்படி யோசிக்கிற உரிமைகூடப் போய்விடுமே... இப்படியே மூன்று நாள்.

மூன்று நாளும் இதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார், நான்காம் நாள் காலை சொன்னார்: “எதுக்குச் சாமி இப்படி வெந்துட்டு இருக்கற? வெள்ளிக்கெழமை போயிப் பூக் கேட்டுப்போடலாம்.”

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் கொங்குப் பக்கத்தில் பெண் பார்ப்பதா, கிணறு வெட்டுவதா, ஆபரேஷன் செய்துகொள்வதா என்று குழப்பம் வந்தால் கோயிலில் பூக் கேட்போம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் கட்டி சாமி முன்னால் வைப்பார்கள். இது வந்தால் இப்படி, அது வந்தால் அப்படி என்று மனதுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். வாய்விட்டுச் சொல்லக் கூடாது. குழந்தை ஒரு பொட்டலத்தை எடுக்கும். பிரித்துப் பார்த்தால் பதில்.

எருமப்பட்டிப் பக்கம் இருக்கும் கோயிலுக்குப் போனோம். வெள்ளை வந்தால் பழசே ஓடும், சிவப்பு வந்தால் புதுசு — இது என் கணக்கு. பக்கத்தில் மாமியாரும் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பொட்டலத்தை எடுக்கச் சொன்னால் எங்கள் கயல் இரண்டையும் அள்ளிக்கொண்டாள். பூசாரி கெஞ்சி வாங்கித் திரும்ப வைத்தார். இந்த முறை ஒன்றை எடுத்தாள்.

சிவப்பு.

சரி, புதுசுதான். மாமியாருக்கு ஏனோ முகம் செத்துவிட்டது. புது லேப்டாப் செலவை நினைத்துத்தான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். பூவில் நான் என்ன நினைத்தேன் என்பது அவருக்குத் தெரியாதே என்று எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

சனிக்கிழமை கயலை மாமியாரிடம் விட்டுவிட்டு நாங்கள் சேலம் போனோம். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை வாங்கிக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்தோம். கடையை நடத்துவது என் வயதுப் பெண். புதுசைக் காட்டும்முன், போட்டோக்களை மாற்றுவதற்காக நாங்கள் கொண்டுபோயிருந்த பழசைக் கேட்டு வாங்கினாள். ஆன் செய்யும்போதே ஒரு பட்டனைத் தட்டி, நான் பார்த்தே இராத ஒரு பக்கத்துக்குள் போனாள்.

“உள்ள ஒரு செக்யூரிட்டி சிப் இருக்குதுங்க மேடம். அது ஆஃப்ல இருக்குது. அதனாலதான் ஆகாதுங்குது.”

ஆன் செய்தாள். மறுபடி சோதித்தாள். தகுதி உண்டு!

இன்னும் இரண்டு வருடம் பழசாக இருந்திருந்தால் நானே புதுசு வாங்கச் சொல்லியிருப்பேன் என்றாள். போட்டோக்களை எல்லாம் தனியே பிரதி எடுத்துக் கொடுத்தாள். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்கிற வேகமான புதுவகை டிஸ்க் ஒன்றைப் போட்டு, எல்லாவற்றையும் அதற்கு மாற்றினாள். அவ்வளவுதான். ஆகவே வாசகர்களே, உங்கள் பழைய லேப்டாப் ‘முடியாது’ என்றால் உடனே நம்பிவிடாதீர்கள். ஏன் முடியாது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நான் மட்டும் நிம்மதியாக இருந்தேனா? சாமி புதுசு வாங்கச் சொல்லியிருக்கிறது... நாம் பழசையே ஒட்டுகிறோமே? வரும் வழியில் காரில் புலம்பினேன்.

“சாமி உன்னையக் கடைக்குப் போகச் சொல்லியிருக்குது. போனதாலதான சரியாச்சு,” என்றார் கணவர். டயர்காரருக்கு எதையும் ஒட்டத் தெரியும்.

ஞாயிறு காலை அப்கிரேடைத் தொடங்கினேன். மதியம்வரை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். அறுபத்தொரு சதவீதத்தில் அரை மணி நேரம் நின்று என் உயிரை எடுத்தது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு லாகின் ஆனது.

ஓடிப்போய் மாமியாரிடம் சொன்னேன். கூடவே, சிவப்பு வந்தும் பழசிலேயே ஓட்டுகிறேன், தப்பில்லையே என்றும் கேட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “நீ லேப்டாப்புக்கா கேட்ட?”

“பின்ன, நீங்க எதுக்குங்க அத்தை கேட்டீங்க?”

“நீ இந்த வேலையில இருக்கலாமா, உட்றலாமான்னு. செகப்பு வந்தா உட்றணும்.”

மூன்று நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா நீ அன்னிக்கே உட்டிருப்ப. உன்னையத் தெரியாதா எனக்கு?”

உண்மைதான். எருமப்பட்டியிலிருந்து திரும்பி வரும் வழியிலேயே ராஜினாமா மெயிலை அனுப்பியிருப்பேன்.

“நான் உட்டா உங்களுக்கு நல்லதுதானுங்களே அத்தை?”

“என்ன நல்லது? நீ அந்தப் பொட்டிய மூடிட்டீன்னா புள்ள உம்பின்னாலயே சுத்தும். எங்கிட்ட எங்க வரும்?”

மெல்ல மெல்ல மீதிக் கதையும் வந்தது. நாங்கள் சேலம் போயிருந்த சனிக்கிழமை, கயலைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி மாரியம்மனிடம் மறுபடி பூக் கேட்டிருக்கிறார். அங்கேயும் சிவப்பு. விடுவாரா? ஞாயிறு காலை, நான் அப்கிரேடுக்குக் காவல் இருந்தபோது, டவுன் பஸ் ஏறி இன்னொரு கோயில். அங்கே வெள்ளை. உடனே பூக் கேட்பதை நிறுத்திக்கொண்டாராம்.

முடியாது என்ற பதிலை ஏற்றுக்கொள்கிற மருமகளுக்கு, ஏற்றுக்கொள்ளாத மாமியார். நல்ல பொருத்தம்தான் பார்த்திருக்கிறார்கள்.

“மூணாவது கோயில்ல சும்மா கேக்கல கண்ணு. வெள்ளை குடுத்தா பால்குடம் எடுக்கறதா வேண்டிக்கிட்டேன்.”

“நீங்களாங்க அத்தை?”

“நான் எதுக்கு எடுக்கறேன்? வேல உனக்குத்தான?”

பங்குனியில் பால்குடம். புது சிஸ்டத்திலிருந்து கம்பெனிக்கு நான் அனுப்பிய முதல் மெயில், அன்றைக்கு லீவு கேட்டுத்தான்.