நெஞ்சில் வைத்த கை

கீரனூர் வட்டாரத்தில் மல்யுத்தத்தில் என்னைச் சாய்க்க ஆளில்லை என்று திமிரோடு திரிந்தேன். அறுபதுகளின் தொடக்கத்தில், சைகோனில் துணிக்கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பிய காதர் பாய் திருவிழாவில் என்னோடு மோத வந்தார். ஒல்லியான ஆள். மணலில் நின்று வலது கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தார்.

"பயமா இருந்தா போயிருங்க பாய்" என்று சிரித்தேன்.

துள்ளிப் பாய்ந்தவர், இரண்டு கால்களாலும் என் இடுப்பைக் கத்தரிபோல் கவ்வித் திருகினார். ஊர் பார்க்க மல்லாந்து கிடந்தேன்.

கை கொடுத்துத் தூக்கிவிட்டார். "அது பயமில்லங்க. வியட்நாம் சண்டைக் கலையில எதிராளிக்கு வைக்கிற வணக்கம்."

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அவரிடமே கற்றேன். மறு வருஷம் திருச்சிப் போட்டியில் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தேன். எதிரே நின்ற பயில்வான் சிரித்தான். நானும் அப்படித்தானே சிரித்தேன்.

அவனை மல்லாத்தியதும் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். கோப்பையை அப்புறம்தான் வாங்கினேன்.