சிக்கெடுக்கிறவள்

வந்தவர் உட்காருவதற்குள் அவர் கையில் சிக்கு விழுந்த நூல்கண்டு ஒன்றைத் திணித்துவிடுகிறாள். "மொதல்ல இதைப் பிரிங்க. கை சும்மா இருந்தா மனசு வம்பளக்கும்." அவர் பிரிக்கப் பிரிக்க, மறுநுனியைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு கண்ணை மூடுகிறாள். கடைசிச் சிக்கு விடுபடும்போது, அவர் மறந்தே போயிருந்த ஒன்று பளிச்சென்று திரும்பி வரும். தையல்கடை மாடியில் பத்துக்குப் பத்து அறை. வயது இருபது. தொழில் இதுதான்.

சாவியை எங்கே வைத்தேன் என்று வருகிறவர்களுக்கு நூல் கிடையாது. "வீட்டைக் கூட்டிப் பெருக்குங்க, கிடைக்கும்" என்று விரட்டிவிடுவாள். பின்னே? நினைவு என்ன, சும்மாவா வருகிறது! ஒன்றை மீட்டுக் கொடுத்தால் அதே மாதிரி ஒன்று அவளிடமிருந்து போய்விடும். யாரோ ஒருவருக்கு அவர் அப்பாவின் குரல் கிடைத்தது. இவளுக்குத் தன் அப்பா தும்முகிற விதம் போயிற்று. சைக்கிள் நன்றாக ஓட்டுவாள், ஆனால் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது யாரென்று தெரியாது. இதற்கெல்லாம் அவள் மூக்கைச் சிந்தி யாரும் பார்த்ததில்லை. நெஞ்சுரக்காரி. "பூட்டி வெச்சா குட்டியா போடப் போகுது?" என்பாள்.

அப்படிச் சொல்கிறவளே ஒன்றைப் பூட்டித்தான் வைத்திருந்தாள். அம்மா இறந்த அன்று, ஆறு வயதுத் தங்கை அவள் மடியில் ஏறி, "இனிமே நீதான் எனக்கு அம்மாவா?" என்று கேட்டது. அதனால் தம்பி, தங்கை என்று யார் வாயெடுத்தாலும் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவாள். "கூடப்பொறந்தவங்க விஷயம் மட்டும் வேணாங்க."

போன வாரம் ஒரு பஸ் டிரைவர் வந்தார். விபத்தில் தங்கையைப் பறிகொடுத்து, தானும் தலையில் அடிபட்டு, அவள் முகமே மறந்துபோனவர். "போட்டோ இருக்கும்மா. யாரோ மாதிரி இருக்கு." இரண்டு தடவை முடியாது என்றாள். மூன்றாம் தடவை வந்தவர் எதுவுமே கேட்கவில்லை. தரையில் கிடந்த நூலை எடுத்து, காய்த்துப்போன விரல்களால் முடிச்சு முடிச்சாகப் பிரித்துக்கொண்டே இருந்தார். பார்த்தாள், பார்த்தாள், "இந்த மனுஷனை என்னதான் பண்றது!" என்று மறுநுனியை எடுத்துவிட்டாள்.

"அவளுக்கு முன்பல்லு கொஞ்சம் தூக்கலும்மா!" என்று அவர் அழுதுகொண்டே சிரித்தது கீழே தையல்காரருக்கே கேட்டதாம்.

சாப்பாடு கொண்டுவந்த தங்கைக்கு இப்போது பதினைந்து வயது. மாடிப்படியில் டிரைவர் கண்ணைத் துடைத்தபடி இறங்கியதைப் பார்த்துவிட்டாள். அவர் எதற்காக வந்துகொண்டிருந்தார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"எது போச்சுக்கா?"

"தெரியலைடி. தெரிஞ்சா அது போகலைன்னுதானே அர்த்தம்?"

"அம்மா போன அன்னிக்கு நான் உன்கிட்ட என்ன கேட்டேன்?"

அக்கா யோசித்தாள். மழுப்பாமல், நிஜமாகவே யோசித்தாள்.

"என்ன கேட்டே?"

தங்கைக்கு உதடு பிதுங்கியது. அவள் ஏன் அழுகிறாள் என்று அக்காவுக்கு விளங்கவே இல்லை. விரலில் சுற்றியிருந்த நூலை உருவிப் போட்டுவிட்டு, கால்களை மடக்கி உட்கார்ந்து, "வாடி இங்க" என்று மடியைத் தட்டினாள்.