கூடை வாய் அளவு

கிருஷ்ணகுமாரியைப் பற்றி எழுத வேறு ஆள் இருந்தால் நான் தப்பித்திருப்பேன். கலவானைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எங்களோடு படித்தவர்கள் எல்லாரும் கொழும்புக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். அவள் கொழுந்து எடுக்கிறாள், நான் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்க்கிறேன். ஒரே லய வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் அவள்தான் உயரம். அதற்காகவே கூனிக்கொண்டு நடப்பாள். வடக்கிலிருந்து வந்த லோஜன் சேருக்குச் சரித்திரம்தான் பாடம், விளையாட்டையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். நெட்போலுக்கு ஏழு பேர் வேண்டும். வகுப்பில் பெண் பிள்ளைகளே எட்டுப் பேர்தான்.

"நீர்தான் கோல் ஷூட்டர்" என்றார் சேர் அவளிடம். வளையத்தில் பந்து போடுகிறவள் என்று அர்த்தம்.

"ஏலாது சேர். கட்டப் பாவாடையில கால் தெரியும். லயத்துல சிரிப்பாங்க."

"உள்ளுக்கு நீளக் காற்சட்டை போடும். ஆர் சிரிக்கிறதெண்டு நான் பாக்கிறன்."

அழுதுகொண்டுதான் வந்தாள்.

வளையம் வாங்க வழியில்லை. சேர் ஒரு துண்டுக் காகிதத்தில் அளவு எழுதி, ஃபெக்டரியில் பிட்டர் வேலை பார்த்த அழகமுத்து மாமாவிடம் கொடுக்கச் சொல்லி என்னை அனுப்பினார். போகிற வழியில் ஓடையில் விளையாடி, துண்டைத் தண்ணீரில் விட்டேன். திரும்பிப் போனால் ஏச்சு விழும்.

"எவ்வளவு அகலம் புள்ள?" என்று மாமா கேட்டார்.

பந்தைக் கூடையில் போடுகிற மாதிரி ஒரு விளையாட்டு என்றுதான் எனக்குத் தெரியும். "கொழுந்துக் கூட வாய் அளவு மாமா" என்றேன். அவரும் மறுபேச்சில்லாமல் எங்கள் அம்மாவின் கூடையை வாங்கி, அதன் வாயைச் சுற்றிக் கம்பியை வளைத்துவிட்டார். சேருக்கும் நெட்போல் புத்தகத்தில் படித்ததுதான், கம்பத்தில் ஏறி அளந்து பார்க்கவில்லை.

அந்த வளையத்தில் கிருஷ்ணகுமாரி போட்ட பந்து தவறியதே இல்லை. இரண்டு மாதம், பின்னேரம் பின்னேரமாக. ஒரு வாரத்திலேயே அவள் கூன் போனது. வெள்ளிக்கிழமைகளில் சேர் தன் காசில் பணிஸ் ரொட்டியும் பிளேன்டீயும் தருவார். மலையிலிருந்து இறங்கும் பெண்கள் கூடையோடு நின்று, "போடு புள்ள!" என்று கத்துவார்கள். காற்சட்டையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எங்களுக்கு அவ்வளவு நல்ல காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வலயப் போட்டி இரத்தினபுரியில். அங்கே இருந்த வளையத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் வளையத்துக்குள் அது சும்மா நுழைந்துவிடும். ஒன்றைத் தவிர அவள் போட்ட ஒவ்வொரு பந்தும் கம்பியில் பட்டுத் தெறித்தது. "பலன்ன, அத வெவுலனவா" என்று யாரோ சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார்கள். கை நடுங்குகிறதாம். அதன் பிறகு உண்மையாகவே நடுங்கியது. பத்தொன்பதுக்கு ஒன்று என்று தோற்றோம்.

பஸ்ஸில் கிருஷ்ணகுமாரி, "அந்த வளையம் சின்னதுடி" என்றாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்.

அடுத்த மழையில் பலாமரம் விழுந்து கம்பம் முறிந்தது. சேர் மாற்றலாகிப் போனார். கிருஷ்ணகுமாரியும் படிப்பை விட்டு மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனாள், கல்யாணம் செய்தாள். புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போய் வராமலே விட்டான். அதிகம் பேசமாட்டாள். ஆனால் அந்த இரண்டு மாதத்தைப் பற்றி மட்டும் கேட்க வேண்டும். "நம்ம கிரவுண்டுல ஒண்ணு தவறியிருக்கா, சொல்லு?" என்று என்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவாள். இல்லையென்று நானும் இருபது வருடமாகத் தலையாட்டினேன்.

போன மாதம் அவள் மகள் ஷாமிளா, டவுன் பள்ளிக்கூடத்தில் கோல் ஷூட்டராகத் தெரிவாகி, இரத்தினபுரிக்குப் போகச் சம்மதக் கடிதம் கொண்டுவந்தாள். கிருஷ்ணகுமாரி கையெழுத்துப் போடவில்லை.

"வேணாம். நம்ம கைக்கு டவுனு ஒத்துக்காது. நாலு பேரு முன்னுக்கு எம்புள்ள நடுங்கிக்கிட்டு நிக்க வேணாம்."

பிள்ளை அழுதது. எனக்குத் தாங்கவில்லை. கிருஷ்ணகுமாரியைத் தனியே கூப்பிட்டு, துண்டு, ஓடை, கூடை எல்லாவற்றையும் கொட்டினேன். "ஒங்கையில ஒரு குத்தமும் இல்ல. என்னாலதான். புள்ளய அனுப்பு" என்றேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நான் இங்க போட்டதெல்லாம்?" என்றாள்.

மகளுக்கு ஒரு பயத்தை எடுத்துவிடப் போய், அவளிடம் இருந்த ஒரே சந்தோஷத்தையும் பிடுங்கிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

ஷாமிளா இரத்தினபுரியில் பதினொரு பந்து போட்டாள். சான்றிதழோடு ஓடி வந்தபோது நானும் வாசலில் நின்றேன்.

"அம்மா, நீங்க போட்ட மாதிரியே போட்டேன்!"

"நான் எங்க போட்டேன்" என்றாள் கிருஷ்ணகுமாரி. சான்றிதழைத் துடைத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தேத்தண்ணி போடப் போனாள்.