நங்கூரம் போட்ட பக்கம்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் நான் வகுப்பு எடுத்த காலம் முழுவதும் எங்களுக்குக் கடல் என்பது அரை மைல்தான். அதற்கு அப்பால் மண்டைதீவில் நேவி, அரசாங்கக் கடற்படை, இருந்தது. சண்டையால் தரைவழியும் மூடியிருந்தது. தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் படிப்பை முடித்திருந்த எனக்குக் கொழும்பில் ஒரு பயிற்சி இடம் கிடைத்தது. கடிதம் என் கைக்கு வந்தபோது, வரச் சொன்ன நாள் கடந்து மூன்று மாதமாகியிருந்தது. அதை மடித்துக் கொப்பிக்குள் வைத்துவிட்டு, பங்குச் சுவாமியார் கேட்டபடி சுழியோடிகளின் வீடுகளுக்குப் போய்ப் பட்டியல் எழுதத் தொடங்கினேன். யாருக்குச் சுகமில்லை, எந்த வீட்டில் குழந்தைக்குப் பால்மா இல்லை, எவர் எத்தனை நாளாகக் கடலில் இறங்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தால் அடைபட்டிருப்பது கொஞ்சம் மறந்துபோகும்.

சுழியோடிகள் கடலடியில் சங்கும் கடலட்டையும் எடுப்பவர்கள். ஒரு வள்ளத்தில் நான்கு பேர். ஒருவர் இறங்குவார், ஒருவர் அவருடைய கயிற்றைப் பிடிப்பார், ஒருவர் எஞ்சினைப் பார்ப்பார், நாலாமவர் நேவி வருகிறதா என்று தீவைப் பார்த்துக்கொண்டிருப்பார். வள்ளத்தின் பின்பக்கம் ஒரு மண்ணெண்ணெய் எஞ்சின். அதனோடு சுழலும் றப்பர்ப் பட்டி போட்டு, லொறி ரயருக்குக் காற்றடிக்கும் கொம்பிறசரைப் பூட்டியிருந்தார்கள். அதிலிருந்து ஒரு றப்பர் குழாய் கடலுக்குள் இறங்கிச் சுழியோடியின் வாய்க்குப் போகும்.

மண்டபத்துக்கு வந்தவர்கள் அவர்களின் மனைவிமாரும் மகள்மாரும். பழுதான தையல் மெசின்களையும் தண்ணீர்ப் பம்புகளையும் கழற்றிப் பூட்டப் பழகினோம். அவர்களில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, சத்தத்தை வைத்தே எந்தப் போல்ற் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஒரு வெள்ளிக்கிழமை அவளுடைய தாய் வகுப்பு முடியும்வரை வாசலில் நின்றாள்.

“ரீச்சர், இந்த மனிசன் கடலாலை வந்தா தலையிடியெண்டு சத்தியெடுக்குது. நேற்று வள்ளத்துக்கையே மயங்கி விழுந்ததாம். செவ்வாய்க்கிழமை திரும்ப இறங்கப் போறாராம். சொன்னாக் கேட்டாத்தானே.”

எஞ்சின் புகை காற்றோடு சேர்ந்து கீழே போகிறது என்று சந்தேகப்பட்டேன். “வள்ளத்தை ஒருக்கா ஏறிப் பாக்கலாமோ?”

“ஐயோ பிள்ளை, பொம்பிளை கால் வைச்சா தொழில் படாதெண்டு என்னையும் சேத்துக் கடலுக்கை தள்ளுவாங்கள்.”

ஆகவே கேள்விகளைப் பட்டியலாக எழுதி மகளிடம் கொடுத்தேன். சனிக்கிழமை அவள் தகப்பனிடம் கேட்டு மறுமொழிகளோடு வந்தாள். குழாயில் ஓட்டை இல்லை. புகைக்குழாய் பின்பக்கம். கொம்பிறசர் காற்றை இழுக்கும் குழாய் வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் கட்டியிருக்கிறது. நங்கூரத்தில் நிற்கும் வள்ளம் முன்பக்கம் காற்றைப் பார்த்து நிற்கும், அணியத்துக்கு எப்போதும் நல்ல காற்றே வரும் என்று எண்ணினேன். எல்லாவற்றுக்கும் நேரே ‘சரி’ என்று போட்டேன். அப்படியென்றால் அவருக்கு வேறு ஏதோ நோய்.

எதற்கும் ஒருதரம் கரும்பலகையில் வள்ளத்தை வரையச் சொன்னேன். அவள் நங்கூரக் கயிற்றைப் பின்பக்கத்திலிருந்து இழுத்தாள்.

“பிழை. நங்கூரம் முன்னுக்கெல்லோ?”

“இல்லை ரீச்சர். இப்ப எல்லாரும் பின்னுக்குத்தான் போடுறவை. அணியம் கரையைப் பாத்து நிண்டாத்தான், நேவி வந்தா கயிற்றை அறுத்துப்போட்டு நேரை ஓடலாம்.”

சொல்லிவிட்டு அவளே பலகையைப் பார்த்தபடி நின்றாள். நங்கூரம் போட்ட பக்கந்தான் காற்றைப் பார்க்கும். பிறகு சோக்குக்கட்டியால் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு ஒரு அம்புக்குறி போட்டாள். காற்று எஞ்சினைத் தாண்டி, புகையையும் சேர்த்துக்கொண்டு, நேரே காற்றிழுக்கும் குழாயின் வாய்க்குப் போயிற்று. நங்கூரம் எந்தப் பக்கம் என்ற கேள்வி என் பட்டியலில் இல்லவே இல்லை.

திங்கட்கிழமை, கரையில் இழுத்துவைத்திருந்த வள்ளத்தைப் பின்பக்கம் காற்றைப் பார்க்கத் திருப்பி எஞ்சினை ஓட்டினார்கள். காற்றிழுக்கும் குழாயின் வாயில் என் வெள்ளைக் கைலேஞ்சித் துணியைக் கட்டச் சொன்னேன். கால்மணி நேரத்தில் அது சாம்பல் நிறமாகியது.

“இவ்வளவு புகைதானே? நான் சுருட்டுக் குடிக்கிறனான், பிள்ளை” என்றார் தகப்பன்.

“உன்ரை சுருட்டை மூண்டு பாகத் தண்ணிக்குக் கீழை போய்ப் பத்திப் பாரன்” என்றார் கயிறு பிடிப்பவர்.

நங்கூரத்தை முன்னுக்கு மாற்றலாமே என்றேன். “போன மாதம் முன்னுக்கு நங்கூரம் போட்ட ஒரு வள்ளம் நேவியைக் கண்டு திருப்ப வெளிக்கிட்டது” என்றார் தகப்பன். “இன்னும் வந்து சேரேல்லை.”

மகள்தான் சொன்னாள்: “அப்ப குழாயைப் பின்னுக்குக் கொண்டுபோங்கோ, எஞ்சினுக்கும் அங்காலை. ஆனா காத்து அடங்கி விழுந்தா வள்ளம் எங்கை பாக்குமெண்டு தெரியாது, புகை திரும்பக் குழாய்க்கை போகும். உடனை மேலை வரவேணும். கயிறு பிடிக்கிற மாமா மூண்டு தரம் இழுக்கட்டும்.”

“காத்து விழுந்தாத்தானடி தண்ணி தெளியும்” என்றார் தகப்பன். “அப்பத்தான் சங்கு கண்ணிலை படும். அந்த நேரம் பாத்து ஏறச் சொல்லுறாய்.”

என்றாலும் அன்று மாலையே குழாயை எஞ்சினுக்குப் பின்னால் மாற்றிக் கட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை தாயும் மகளும் நானும் கரையில் நின்றோம். பத்து மணிபோலத் தென்னோலைகள் அசைவதை நிறுத்தின. தாய் செபமாலையைப் பிடித்திருந்தாள், உருட்டவில்லை. மகள் வாய்க்குள் எண்ணினாள். முந்நூறு வரை எண்ணியும் தூரத்து வள்ளத்தில் யாரும் ஏறியதாகத் தெரியவில்லை. பிறகு இரண்டு பேர் பின்பக்கம் குனிந்து எதையோ வலித்து இழுப்பது தெரிந்தது.

தகப்பன் தன் காலில் நடந்துதான் கரைக்கு வந்தார். கோபத்தில் முகம் கறுத்திருந்தது.

“மூண்டு தரம் இழுத்தன், ஆள் அசையேல்லை” என்றார் கயிறு பிடித்தவர். “நாலாந்தரம் ஆளையே இழுத்துப்போட்டன்.”

“திருக்கையை இழுக்கிற மாதிரி இழுக்கிறான்! கண்ணுக்கு முன்னாலை பதினைஞ்சு சங்கு கிடந்தது.”

“தலையிடிக்குதோ அப்பா?”

அவர் மகளைப் பார்த்தார். “இல்லை” என்றார், அதுவும் ஒரு நட்டம் போல. வலைப்பையில் ஒரு சங்கு கிடந்தது. தாய் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அவர் மகளிடம் கேட்டார்: “உந்தக் கொம்பிறசரை முழுக்கக் கழட்டித் துடைச்சுப் பூட்ட உனக்குத் தெரியுமோ?”

“தந்தாத் தெரியும். ஆனா வள்ளத்திலை என்னை ஏற விடமாட்டியள்.”

புதன்கிழமை காலை நான்கு பேருமாக அதைத் தூக்கிவந்து மண்டபத்துச் சீமெந்தில் வைத்தார்கள். அன்று காற்றே இல்லை. கரையில் நின்றாலே அடிமணல் தெரியும் அளவுக்குத் தண்ணீர் தெளிந்து கிடந்தது. தகப்பன் வாசலில் நின்று நெடுநேரம் கடலைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து நிலத்தில் குந்தி, மகள் கழற்றிக் கொடுத்த போல்ற்றுகளை ஒவ்வொன்றாக வாங்கி வரிசையில் அடுக்கத் தொடங்கினார்.