புல்லில் இறங்கிய மின்னல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பல்லாவரம் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கிரிக்கெட் மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். கோடை முழுக்கத் தண்ணீருக்கு அலைந்து காப்பாற்றிய புல் அது. யாராவது செருப்புக் காலோடு நடந்தால்கூட எனக்குக் கோபம் வரும்.

அன்று ஆட்டத்தின் நடுவே இடியோடு மழை பிடித்துக்கொண்டது. பிட்சை மூடிய தார்ப்பாயின் ஒரு மூலையைக் காற்று தூக்கிவிட்டது. எல்லோரும் கொட்டகைக்கு ஓட, நான் மட்டும் திரும்பி ஓடினேன். தார்ப்பாயை இழுத்துக் கட்ட இரும்புக் கம்பியை ஊன்றிச் சுத்தியலை ஓங்கியபோது, ஆட வந்திருந்த அணியின் விக்கெட் கீப்பர் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“விடுங்க சார், பிட்ச் நனைஞ்சிடும்!”

“நனைஞ்சா இன்னா? புல்லு திரும்ப வளரும்யா. நீ போனா வருவியா?”

தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினார். கொட்டகைக்குள் நுழைந்த நொடியில் கண் கூசியது, காது அடைத்துப்போனது. மைதானத்திலிருந்து கருகிய வாடை வந்தது. மழை விட்டதும் அந்த அணி வேனில் ஏறிப் போய்விட்டது.

சில நாள்களில் அந்தக் கம்பியைச் சுற்றிப் புல் காய்ந்தது. மரக்கிளைகள் போலப் பழுப்புக் கோடுகள் நாலா பக்கமும் ஓடியிருந்தன. நான் நின்ற இடத்தின் வழியாகவும் ஒன்று போயிருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அங்கே வைத்த புதுப் புல் அடுத்த மழைக்கே பச்சை பிடித்துவிட்டது. இப்போதும் வானம் இருட்டினால், வெளியே யாராவது நிற்கிறார்களா என்றுதான் என் கண் முதலில் தேடும்.